சோதனை பட்டறையில், மகஜர் பஸ் ஸ்டாண்டில்: சேலத்து வெள்ளி வழக்கு ஒன்றின் ஆய்வு

சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் வேறு மாவட்டப் போலீசார் ஒரு நாள் இரவு சோதனை போட்டார்கள். அந்தச் சோதனையும், அதன் பிறகு நீதிமன்றங்களில் நடந்ததும் இங்கே பதிவாகின்றன. பட்டறைக்காரர் தரப்பில் ஆஜரானவர்களில் நானும் ஒருவன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களையோ, ஸ்டேஷனையோ, நீதிமன்றத்தையோ அடையாளம் காட்டவில்லை. இது 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது. அதனால், வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில், கீழே வரும் பிரிவு எண்கள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள், சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்று சொல்கிறேன்.

பின்னணி

சேலத்தில் கொலுசுத் தொழில் பெரும்பாலும் கூலிக்கு நடப்பது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். சிவதாபுரம், பனங்காடு, மணியனூர் போன்ற இடங்களில் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் அதை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம் மூன்றும் நோட்டில் ஏறும். ஆக, பட்டறையில் எந்த நேரம் பார்த்தாலும் கிலோ கணக்கில் வெள்ளி இருக்கும். அதில் பட்டறைக்காரருக்குச் சொந்தமானது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘ரெக்கவரி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு வீட்டில் திருடியவன் பிடிபடுகிறான். எங்கே விற்றாய் என்று கேட்டால் ஒரு கடையையோ பட்டறையையோ காட்டுகிறான். திருட்டுப் பொருளை மீட்பதாகச் சொல்லி அங்கிருப்பதைப் போலீஸ் எடுத்துப் போவதுதான் ரெக்கவரி. காட்டியது உண்மையாகவும் இருக்கலாம், அடிக்குப் பயந்து சொன்னதாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருளை வாங்கியதாக வழக்குப் போட, அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவும், அதற்கு முன்னிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-ம் பிரிவும் அப்படித்தான் சொல்கின்றன. பட்டறை வாசலில் வேன் வந்து நிற்கும்போது இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. எடையைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

அரசியலமைப்புச் சட்டத்தில் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. 1954-ல் எம்.பி.சர்மா வழக்கில் 8 நீதிபதிகள் அமர்ந்து, அப்படி ஓர் உரிமையை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க முடியாது என்றார்கள். சோதனை போட்டுப் பொருளை எடுப்பது ஒருவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது, அதனால் அரசியலமைப்பின் 20(3) உதவாது என்றும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு தனியுரிமையைப் பற்றிச் சொன்ன பகுதியை 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ரத்து செய்தார்கள். தனியுரிமை, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-வது பிரிவுக்குள் வந்தது. ஆனாலும் 21-வது பிரிவு கேட்பது சட்டம் வகுத்த நடைமுறையைத்தான். அந்த நடைமுறை எழுதப்பட்டிருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், இப்போது பி.என்.எஸ்.எஸ்.-ல். பட்டறைக்காரருக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் அந்தச் சின்னச் சின்ன விதிகளில்தான் இருந்தது.

அன்று இரவு

இரவு பத்தரை மணி இருக்கும். மப்டியில் ஐந்தாறு பேர் வந்தார்கள். வேனில் இருந்த ஒருவனை இறக்கி வாசலில் நிறுத்தி, “இங்கேதானே?” என்று கேட்டார்கள். அவன் தலையாட்டினான். வாரண்ட் இல்லை. உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவில்லை. தெருவில் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பட்டறையில் இருந்த வெள்ளியை எல்லாம், பாதி கோத்த கொலுசையும் சேர்த்து, பட்டறையின் தராசிலேயே வைத்து எடை பார்த்தார்கள்: 4 கிலோ 312 கிராம். எடை பார்க்கும்போது மட்டும் ஒரு காவலர் செல்போனில் வீடியோ எடுத்தார். கணக்கு நோட்டையும் பட்டறைக்காரர் போனையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கிளம்பும்போது, விசாரிக்க வேண்டும் என்று சொல்லி அவருடைய அப்பாவையும் ஏற்றிக்கொண்டார்கள். அவருக்கு வயது 67. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் எங்களிடம் வந்தபோது பட்டறைக்காரர் முதலில் சொன்னது: “பொருள் என்னுது கூட இல்லீங்க சார். வியாபாரிக்கு நான் என்ன பதில் சொல்றது?” அப்பாவைப் பற்றி அதன் பிறகுதான் சொன்னார். அடுத்தவர் வெள்ளி கையில் இருக்கும்போது தூக்கம் வராத தொழில் அது. அதனால் இந்த வரிசை எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அன்றே ஒரு தரகர் மூலம் தூது வந்தது: 2 கிலோவை விட்டுக்கொடுத்தால் மீதி திரும்பி வரும், வழக்கில் பெயர் வராது. இப்படி வரும் தூதை நிறையப் பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவர் மட்டும், வியாபாரிக்குப் பொய்க் கணக்குக் காட்ட முடியாது என்று மறுத்துவிட்டார்.

முதல் வாரத்தில் சேர்த்தவை

எதிர் வீட்டில் ஒரு கேமரா இருந்தது. அதில் ஏழு நாள் பதிவுதான் நிற்கும், அப்புறம் அழிந்துவிடும். அதனால் முதல் வேலையாக அந்தப் பதிவை எடுத்து, மின்னணு ஆவணத்துக்குத் தேவையான சான்றிதழோடு பத்திரப்படுத்தினோம். வேன் வந்த நேரம், பை வெளியே போன நேரம், பெரியவரை ஏற்றிய நேரம் மூன்றும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

வியாபாரியிடம் டெலிவரி சலான் நகல்கள் இருந்தன. பட்டறை நோட்டைப் போலீஸ் கொண்டுபோய்விட்ட நிலையில், அந்த நகல்கள் இல்லையென்றால் வழக்கே நின்றிருக்காது. அந்த மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு எடை, என்ன டச்சில் கொடுக்கப்பட்டது என்பது அவற்றில் இருந்தது. வெள்ளி தனக்குச் சொந்தமானது, கூலி வேலைக்குக் கொடுத்தது, பட்டறைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று வியாபாரி பிரமாணப் பத்திரம் கொடுத்தார். உள்ளூர் ஸ்டேஷனில் கேட்டோம். அப்படி ஒரு சோதனை பற்றித் தகவலே வரவில்லை என்றார்கள். நடந்ததை எழுதி உள்ளூர் ஸ்டேஷனுக்கும், சோதனை போட்டவர்களின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

சட்டம் கேட்டது என்ன

ஒரு ஸ்டேஷன் அதிகாரி வாரண்ட் இல்லாமல் சோதனை போட 185-ம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் வாரண்ட் வாங்கக் காத்திருக்க முடியாது என்று நம்புவதற்கான காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். பழைய சட்டத்தில் ‘உடனே’ என்று மட்டும் இருந்தது. மணிக் கணக்கு புதிதாக வந்தது. வேறு ஸ்டேஷன் எல்லைக்குள் வந்து தேடினால் 186-ம் பிரிவு பொருந்தும். அந்த ஊர் ஸ்டேஷனைக் கேட்டுத்தான் தேட வேண்டும். தாமதித்தால் தடயம் போய்விடும் என்ற நிலையில் தாங்களே தேடலாம், ஆனால் உள்ளூர் ஸ்டேஷனுக்கு உடனே தகவலும் பொருள் பட்டியலும் அனுப்ப வேண்டும். 103-ம் பிரிவின்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, சார்பில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருக்கலாம், பட்டியல் நகல் அவர் கைக்கு வர வேண்டும். 105-ம் பிரிவு சோதனை முழுவதையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவதையும் சேர்த்து, வீடியோ எடுக்கச் சொல்கிறது.

பெரியவர் விஷயத்தில் 179-ம் பிரிவு இருந்தது. 60 வயதைத் தாண்டிய ஆணை விசாரணைக்கு அவர் குடியிருக்கும் இடத்தை விட்டு வரச் சொல்லக் கூடாது. கைது என்றால் கைதுக்கான காரணமும் குறிப்பும் வேண்டும். எதுவும் இல்லை.

எங்கே போவது என்ற முடிவு

உறவினர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: நேராக சென்னைக்கு, உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள். நாங்கள் அதைத் தள்ளி வைத்தோம். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு போட்டால், போலீஸ் தரப்பு சோதனையே நடக்கவில்லை என்று எதிர்வாக்குமூலம் போடும். எது உண்மை என்பதில் தகராறு வந்துவிட்டால், உயர் நீதிமன்றம் சாட்சி விசாரித்து முடிவு சொல்ல உட்காராது. கீழே வழி இருக்கிறதே என்று அனுப்பிவிடும். அதற்குள் மாதங்கள் ஓடும். போலீஸ் மேல் தனிப் புகார் கொடுக்கலாம். ஆனால் கையில் ஆவணம் எதுவும் இல்லாமல் கொடுக்கும் புகார் முதல் விசாரணையிலேயே விழுந்துவிடும்.

அதனால் திருட்டு வழக்கின் எஃப்.ஐ.ஆர். எந்த மாஜிஸ்திரேட் எல்லையில் இருந்ததோ அங்கேயே போவது என்று முடிவு செய்தோம். இதற்கிடையே பட்டறைக்காரரைக் கைது செய்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்ததால், அந்த மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு போட்டோம். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவர் குற்றம் சாட்டப்பட்டவரே இல்லை, சாட்சி மட்டும்தான் என்றார். மனு முடித்துவைக்கப்பட்டது. முன்ஜாமீன் கிடைக்கவில்லையே என்று குடும்பம் கலங்கியது. உண்மையில் எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய லாபம். சாட்சி என்று நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது. இனி திருட்டென்று தெரிந்தே வாங்கியவர் என்று மாற்றிப் பேசுவது அவர்களுக்குக் கடினம்.

மாஜிஸ்திரேட் முன் நான்கு கோரிக்கைகளை வைத்தோம். சோதனை ஆவணங்களின் நகல். வெள்ளி, நோட்டு, போன் திரும்ப வேண்டும். சோதனை சட்டவிரோதம் என்று அறிவித்து, கிடைத்த பொருளை வழக்கிலிருந்தே நீக்க வேண்டும். அதிகாரிகள் மீது நடவடிக்கைக்கு உத்தரவிட வேண்டும்.

நகல் வந்தபோது தெரிந்தது

சோதனை நடந்த இடத்துக்குச் சொந்தக்காரர் விண்ணப்பித்தால், மாஜிஸ்திரேட்டுக்கு வந்த ஆவணங்களின் நகலைச் செலவில்லாமல் கொடுக்க வேண்டும். 185, 186 இரண்டிலும் அது இருக்கிறது. நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சோதனை என்று ஒன்று நடந்ததாகவே அதில் இல்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் அருகே கைதி அடையாளம் காட்டியதாகவும், பட்டறைக்காரர் தானாகவே ஒரு பையை எடுத்துக் கொடுத்ததாகவும் மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகளோடு எழுதும் பதிவு, சொன்னது. சாட்சிகள் இரண்டு பேரும் அந்தப் போலீசார் வந்த மாவட்டத்துக்காரர்கள். மகஜரில் நீதிமன்ற முத்திரை விழுந்தது ஒன்பதாவது நாள்.

இப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பொது இடத்தில் சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்றுவது 106-ம் பிரிவின் கீழ் வரும். அங்கே முன்கூட்டிக் காரணம் எழுத வேண்டியதில்லை, தெருக்காரர் சாட்சி வேண்டியதில்லை, உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல் வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அறிக்கை அனுப்பினால் போதும். சோதனைக்கு உள்ள வேலிகள் எல்லாம் வீட்டு வாசற்படியில் தொடங்குகின்றன. படியைத் தாண்டவே இல்லை என்று எழுதிவிட்டால் வேலியும் இல்லை.

ஆனால் பறிமுதல் எங்கே நடந்தாலும் 105-ம் பிரிவின்படி வீடியோ வேண்டும். அதற்காக அவர்கள் அனுப்பியிருந்தது தராசில் எடுத்த வீடியோ. ஒரு நிமிடம்கூட இல்லை. மாஜிஸ்திரேட் அதை எல்லோர் முன்னிலையிலும் போடச் சொன்னார். தராசில் 4312 என்ற எண் தெரிந்தது. தராசுக்குப் பின்னால் கம்பி இழுக்கும் அச்சுத் தகடு சுவரில் சாய்ந்திருந்தது. ஓரத்தில் குழல் விளக்கு எரிந்தது. மாஜிஸ்திரேட் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, “பஸ் ஸ்டாண்டில் இது எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள். அடுத்த வாய்தாவில் நாங்கள் எதிர் வீட்டுக் கேமரா பதிவையும் கொடுத்தோம்.

இன்னொன்றும் எஃப்.ஐ.ஆரில் இருந்தது. திருட்டுப் போனதாகப் புகார்தாரர் சொன்னது குத்துவிளக்கு, டம்ளர், பழைய கொலுசுகள் என்று மொத்தம் சுமார் 3 கிலோ. பறிமுதல் ஆனது அதைவிடக் கூடுதல். உருக்கிவிட்டார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. உருக்கினால் எடை எப்படிக் கூடும் என்பதற்கு அவர்களிடம் விளக்கம் இல்லை.

நீதிமன்றம் போன தூரமும் நின்ற இடமும்

முதல் இரண்டு கோரிக்கைகளில் எங்களுக்குச் சாதகமான உத்தரவு வந்தது. வெள்ளியைத் தனக்குத் தர வேண்டும் என்று திருட்டுக் கொடுத்த புகார்தாரரும் மனு போட்டிருந்தார். அவரும் பாதிக்கப்பட்டவர்தான், போலீஸ் சொன்னதை நம்பி வந்தவர். 503-ம் பிரிவில் மாஜிஸ்திரேட் பார்ப்பது யாரிடம் இருப்பது நியாயம் என்பதை. இறுதி உரிமையை அல்ல. சலான், டச் பரிசோதனை, எடை வித்தியாசம் மூன்றையும் வைத்துப் பட்டறைக்காரருக்கு இடைக்காலப் பொறுப்பில் கொடுத்தார். பறிமுதல் பொருளை ஸ்டேஷனில் தேவையில்லாமல் தேக்கி வைக்கக் கூடாது, புகைப்படம் எடுத்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு அடிப்படை.

நிபந்தனையில் ஒரு சிக்கல் வந்தது. உருவத்தை மாற்றக் கூடாது என்பது வழக்கமான வரி. கொலுசு ஆகாத வெள்ளியை அப்படியே பூட்டி வைக்கச் சொன்னால், கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான். எடை, டச், புகைப்படம் பதிவானால் போதும் என்று வாதிட்டோம். ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து நீதிமன்றத்தில் வைத்துக்கொண்டு, மீதியை வேலைக்குப் பயன்படுத்த அனுமதித்தார். நோட்டுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கிடைத்தது. போன் வர இன்னும் சில வாரங்கள் ஆயின.

மூன்றாவதும் நான்காவதும் மறுக்கப்பட்டன. சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியத்திலிருந்து விழுந்துவிடாது என்பது 1973-ல் பூரண்மல் வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்பதுதான் கேள்வி. காரணத்தை எழுதாமல் போட்ட சோதனை சட்டப்படியான சோதனையே அல்ல என்று 1959-ல் ராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் அதைக் காட்டினோம். அந்த வழக்கில் எழுந்த கேள்வி, அப்படிப்பட்ட சோதனையைத் தடுத்தவரைத் தண்டிக்கலாமா என்பது. சாட்சியத்தை நீக்குவது அல்ல என்று மாஜிஸ்திரேட் பிரித்துக் காட்டினார். அது சரியான பதில். முறைகேடான சோதனையில் கிடைத்ததைத் தானாகவே தள்ளிவிடும் விதி நம் நாட்டில் பொதுவாக இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். புட்டசாமிக்குப் பிறகு அந்தக் கேள்வியை மறுபடி எழுப்ப இடம் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது உச்ச நீதிமன்றம். ஒரு மாஜிஸ்திரேட் அல்ல.

நடவடிக்கைக்கு உத்தரவிட மறுத்ததற்கு அவர் சொன்ன காரணமும் எல்லை பற்றியதுதான். புலன்விசாரணை போலீசின் வேலை, தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பது 1944-ல் பிரிவி கவுன்சில் குவாஜா நசீர் அகமது வழக்கில் சொன்னது. இப்படித்தான் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்று மாஜிஸ்திரேட் போலீசுக்குக் கட்டளையிட முடியாது என்று 1967-ல் அபிநந்தன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பொருளைத் திருப்பிக் கேட்கும் மனுவில் அதிகாரிகளைத் தண்டிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, 175-ம் பிரிவில் தனி மனு போடலாம் என்றார். அரசு ஊழியர் மேல், பணியின்போது நடந்ததற்காகப் புகார் என்றால், 175(4)-ன்படி அவருடைய மேலதிகாரியின் அறிக்கையைப் பெற்று, புகாருக்கு ஆளானவர் சொல்வதையும் பார்த்த பிறகுதான் விசாரணைக்கு உத்தரவிட முடியும்.

குடும்பத்துக்கு இது கோபத்தைத்தான் தந்தது. கண்ணெதிரே வீடியோவைப் பார்த்துவிட்டு இதோடு விட்டுவிட்டாரே என்றார் பெரியவர். நான் அவரிடம் சொன்னது இது: வரம்பு மீறிய உத்தரவு ஒன்றை அவர் போட்டிருந்தால், அரசுத் தரப்பு மறுநாளே சீராய்வுக்குப் போய் மொத்த உத்தரவுக்கும் தடை வாங்கியிருக்கும்; வெள்ளியும் வந்திருக்காது. எல்லைக்குள் நின்று எழுதியதால்தான் அந்த உத்தரவை யாரும் அசைக்க முடியவில்லை. மகஜரில் சொன்ன இடமும் வீடியோவில் தெரியும் இடமும் பொருந்தவில்லை என்று அவர் ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை அழிக்கக் கேட்டு யாரும் மேலே போகவில்லை.

பிறகு

குற்றப்பத்திரிகையில் பட்டறைக்காரர் சாட்சிப் பட்டியலில்தான் இருக்கிறார். திருட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 175-ம் பிரிவு மனுவில் மேலதிகாரியின் அறிக்கை வந்தது: இடம் தவறாக எழுதப்பட்டது எழுத்துப் பிழை என்று. எதிர்ப்பு மனு தயார் செய்து வைத்திருந்தோம். பட்டறைக்காரர் அதைப் போட வேண்டாம் என்றார். அடுத்த தடவை எந்த வேன் வரும் என்று தெரியாமல் தொழில் செய்பவர் அவர். முடிவு அவருடையது, நாங்கள் வற்புறுத்தவில்லை. பெரியவரை ராத்திரி முழுவதும் வைத்திருந்ததற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வழக்கில் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

என்ன மாற வேண்டும்

பட்டறைக்காரர்கள் சலான் நகலையும் நோட்டின் பக்கங்களையும் அன்றன்றே போனில் படம் எடுத்து, வியாபாரிக்கோ உறவினருக்கோ அனுப்பி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன் போனாலும் படம் இன்னொருவரிடம் இருக்கும். வாசலில் ஆள் வந்தால் தடுக்க வேண்டாம், தள்ளுமுள்ளு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ரஹ்மான் வழக்கு தடுத்தவரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு. பெயரும் ஸ்டேஷனும் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், 112-க்கு அழைத்து உள்ளூர் போலீசை வரச் சொல்லுங்கள். அந்த அழைப்பே நேரத்துக்குச் சாட்சி. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட வேண்டி வந்தால் தேதியையும் நேரத்தையும் கையெழுத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

நீதிமன்றப் பக்கம் மாற வேண்டியது சிறியது, ஆனால் பலன் பெரிது. பறிமுதல் அறிக்கை வந்த உடனே, கூட 105-ம் பிரிவு வீடியோ வந்திருக்கிறதா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. யாரும் கேட்காமலே மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டிய காகிதம் அது. இந்த வழக்கில் ஒன்பதாம் நாள் முத்திரை எங்கள் மனு வந்த பிறகுதான் யார் கண்ணிலும் பட்டது.

வழக்கறிஞர்கள் பக்கம் வேலையின் வரிசை மாறுகிறது. இப்போது இப்படி ஒருவர் வந்தால், 48 மணி நேரம் முடிந்த மறுநாளே 186(5)-ல் நகல் மனு போடுகிறோம். ஆவணம் வந்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வரவில்லையென்றால் ‘ஆவணம் வரவில்லை’ என்ற நீதிமன்றக் குறிப்போடு மனு திரும்பும். அதன் பிறகு தயாராகும் எந்த மகஜரும் அந்தக் குறிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.